கலவை இல்லாத நாலு கல்

முதல் நாள் அந்தக் குரல் எங்கேயிருந்து வருகிறதென்று தெரியாமல் இராசதுரை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணை, மேல பாக்காதேங்கோ. இங்கால, குசினிச் சுவரைப் பாருங்கோ. நான்தான் வீட்டுக்காரன், பிரகலாதன். கட்டாரிலயிருந்து கதைக்கிறன்."

குசினிச் சுவரில், சமையலறை ஜன்னலுக்கு மேலே, சிரட்டை அளவில் வெள்ளையாக ஒரு கமரா. அது கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தது. வாசலில் ஒன்று, ஹோலில் ஒன்று, பின்வளவில் இது. கண்ணும் இருந்தது, காதும் இருந்தது, வாயும் இருந்தது.

"ரெண்டே ரெண்டு விசயம். மதில் எட்டடி வரவேணும். கலவை சீமெந்து ஒண்டுக்கு மணல் நாலு, குறைக்கப்படாது. வேலை செய்யேக்க வீட்டுப் பக்கம் பாக்கப்படாது. மிஸ்ஸிஸோட கதைக்கப்படாது. குறை நினைக்காதேங்கோ."

"ஓம் தம்பி."

மேசன் இன்பாஸ் நூலைக் கட்டிக்கொண்டே முணுமுணுத்தான். "ரெண்டெண்டு சொல்லி நாலு சொல்றாரு. கணக்கில புலி."

"அதுவும் கேட்டது, மேசன்," என்றது குரல், சிரித்துக்கொண்டு.

இன்பாஸ் அதன்பிறகு அந்த வளவில் முணுமுணுக்கவில்லை.

இராசதுரைக்கு ஐம்பத்தெட்டு வயது. துறைமுக ஜெட்டியில் மூட்டை தூக்கி முள்ளந்தண்டு தேய்ந்தபிறகு இன்பாஸுக்குக் கலவை குழைக்கிறவன். விடிய எழும்பிக் கட்டைபறிச்சானிலிருந்து மூதூருக்கு வந்து, லோஞ்ச் படகு பிடித்துத் திருகோணமலை டவுனில் இறங்கி, கடற்கரை ஒழுங்கை வழியே நடந்து வருவான். முன் கேற்றை எட்டு மணிக்கு வீட்டுக்காரனின் தம்பி லதீசன் வந்து திறப்பான். ஆட்கள் உள்ளே போனதும் பூட்டிக்கொண்டு போவான். பின்னேரம் வந்து திறந்துவிடுவான். கேற்றின் ஒரே சாவி, அந்தத் திறப்பு, அவனுடைய இடுப்பில்.

பதினொரு மணிக்கு முருங்கை மரத்தடியில் பீடி பற்றவைத்தான். "அண்ணை, பீடி என்ட வளவுக்குள்ள வேண்டாம்," என்றது குரல். பிறகு வளவின் கடைசி மூலையில், கக்கூஸுக்குப் பின்னால் குந்தியிருந்து பற்றவைத்தான். குரல் வரவில்லை. இரண்டாவது பீடியும் பற்றவைத்துப் பார்த்தான். அதற்கும் வரவில்லை. அந்த மூலை கமராவுக்குத் தெரியாது; மெல்லப் பேசினால் கேட்கவும் கேட்காது.

இன்பாஸ் கதை சொன்னதும் அந்த மூலையில்தான்.

"இது அந்தப் புள்ள தயாளினிட சீதன வீடு, அண்ணை. தகப்பன் கடலுக்குப் போய்க் கட்டிக் குடுத்தது. காணி உறுதிப் பத்திரம் அவட பேருலதான். தாயும் தகப்பனும் மௌத்தாப் போச்சி. போன மாசம் இந்தத் தகர வேலிய நெளிச்சிட்டு பின் வளவு ஆமினா உம்மாட்டப் பாஞ்சிருக்கா. லதீசன் போய் இழுத்துட்டு வந்தான். அதுக்குப் பொறகுதான் தகரத்துக்கு மேல தகரம், முள்ளுக்கம்பி, இப்ப நம்மட மதில்."

"அவளின்ட வீட்டுக்குள்ள அவளைக் கட்டி வைக்கவோ?"

"கட்டுறது நாம," என்றான் இன்பாஸ்.

தயாளினிக்கு முப்பதும் இராது. அந்த வெக்கையிலும் மணிக்கட்டு வரை கை மூடிய சட்டை. தேத்தண்ணியைக் குசினிப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். வலது மணிக்கட்டு முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்ததால் தேத்தண்ணிக் கேத்திலை இடது கையால் பிடிப்பாள். மணிக்கொரு தடவை குரல் கூப்பிடும்: "தயாக்குட்டி, முன்னுக்கு வந்து நில்லுங்கோ, பாப்பம்." அவள் ஹோல் கமராவுக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். கூப்பிடும்போது கேத்தில் கையிலிருந்தால் அதன் மூடி டக்டக்கென்று ஆடும்.

அந்தக் குரலில் கோபம் என்ற சாமானே இல்லை. அதுதான் இராசதுரைக்கு விளங்கவில்லை. இராசதுரை கை நீட்டி அடித்த காலத்தில் ஊருக்கே கேட்கக் கத்துவான். ஜெட்டியில் வேலை முடிந்து குடித்துவிட்டு வந்த ஒருநாள், ஒரே அறை, மனைவி இரத்தினேஸ்வரியின் இடது காது போனது. இருபத்தாறு வருசமாக அவளோடு கதைப்பதென்றால் வலப்பக்கமாகப் போய்த்தான் நிற்கிறான். அதைப் பற்றி அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அவனுடைய குரல் வேறு, இந்தக் குரல் வேறு. ஆனால் இரத்தினேஸ்வரியின் கையிலும் கேத்தில் மூடி அன்றைக்கு இப்படித்தான் ஆடியது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மதில் கக்கூஸ் மூலைக்கு வந்துவிட்டது. இன்னும் ஆறடி மூடவேண்டும். பன்னிரண்டு மணிக்கு இன்பாஸ் கை கழுவினான். வெள்ளிக்கிழமையென்றபடியால் லதீசன் வந்து கேற்றைத் திறந்துவிட்டான்.

"நான் ஜும்மாத் தொழுகைக்குப் போய்ட்டு வாறன், அண்ணை. மூலையில ஒரு மூணு வரி வச்சி விடுங்க. மிச்சத்த நான் வந்து ஏத்துறன்."

படியில் தேத்தண்ணி இருந்தது. இராசதுரை கோப்பையைத் தூக்கினான். அடியில் நாலாக மடித்த கடுதாசி. கமரா பார்த்துக்கொண்டிருந்தது. கோப்பையோடு சேர்த்து உள்ளங்கையில் அமுக்கிக்கொண்டு மூலைக்கு நடந்தான்.

அவன் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், நாற்பது வயதுக்குப் பிறகு எழுத்துக்கூட்டப் படித்தவன். கடை பெயர்ப்பலகை வாசிப்பான், பஸ் பலகை வாசிப்பான். கையெழுத்தென்றால் வேர்க்கும். அவள் பெரிய எழுத்தில்தான் எழுதியிருந்தாள். ஒவ்வொரு சொல்லாக உதட்டுக்குள் கூட்டினான்.

'அண்ணை, இவர் ஞாயிறு வாறார். இந்த முறை என்னை உயிரோட விடமாட்டார். முன் கேற் திறப்பு லதீசனிட்ட. மதில் முடிஞ்சா பின்னாலயும் வழி இல்லை. கக்கூஸ் மூலையில ஒரு ஆள் பூர நாலு கல்லைக் கலவை போடாமல் வையுங்கோ. இண்டைக்குப் பின்னேரம் தகரம் கழட்டுவினம். நாளைக்குப் போயிடுவன். ஆமினா உம்மாவுக்குத் தெரியும். இதை எரிச்சுப்போடுங்கோ.'

"அண்ணை! எங்க ஆளைக் காணேல்லை?"

நெருப்புப்பெட்டி முருங்கை மரத்தடியில் கிடந்தது. கடுதாசியைக் கலவைக்குள் போட்டுக் மேசன் கரண்டியால் குத்திக் குழைத்தான். எழுத்துத் தெரியாமல் போகுமட்டும் குழைத்துவிட்டு வெளியே வந்து நின்றான்.

"இங்கதான் தம்பி. மூலையில கல்லு வைக்கிறன்."

"நீங்கள் கூலியாள் எல்லோ? மேசன் எங்க?"

"ஜும்மாவுக்குப் போட்டார்."

"மூலை எனக்குத் தெரியேல்லை. போனில ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ."

"என்னட்ட இருக்கிறது பொத்தான் போன், தம்பி."

"சரி. பின்னேரம் லதீசன் பாப்பான். ஒண்டுக்கு நாலு, மறக்கவேண்டாம்."

இராசதுரை கக்கூஸுக்குப் பின்னால் போய்க் குந்தினான். முள்ளந்தண்டு சுள்ளென்றது. இது பிடிபட்டால் அவனுக்கும் வேலை இல்லை, இன்பாஸுக்கும் இந்த ஊரில் ஒருவரும் வேலை கொடுக்கமாட்டார்கள். பேசாமல் மூன்று வரியை வைத்துவிட்டுப் போனால் ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இரத்தினேஸ்வரிக்கு அன்றைக்கு யாரும் நாலு கல்லைக் கலவை இல்லாமல் வைக்கவில்லை. வைத்திருந்தால் போயிருப்பாளா? போயிருப்பாள் என்றுதான் தோன்றியது.

முதல் வரியை ஒழுங்காக வைத்தான். இரண்டாம் வரியில் இரண்டு கல், மூன்றாம் வரியில் இரண்டு கல், நாலுக்கும் அடியிலும் இடையிலும் வெறும் ஈரமணல். வெளிவிளிம்பில் மட்டும் கரண்டி நுனியால் கலவையை மெல்லிசாக இழுத்துவிட்டான். மேல்வரி இறங்கிவிடாமல் இருக்க அதற்கு மேலே இரண்டு துண்டு இரும்பு முறிகம்பியைப் படுக்கவைத்து நல்ல கலவை போட்டான்.

இன்பாஸ் திரும்பி வந்து, வழக்கம்போலக் கரண்டிப் பிடியால் கல்லைத் தட்டிக்கொண்டு வந்தான். டொக், டொக், டொக். இரண்டாம் வரியில் சத்தம் மாறியது. மறுபடி தட்டினான். முறிகம்பியின் நுனியைப் பார்த்தான். பிறகு இராசதுரையின் முகத்தைப் பார்த்தான். இராசதுரை கண்ணை எடுக்கவில்லை.

"மேசன், மூலை சரியோ?" என்றது குரல்.

இன்பாஸ் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். அது நெடுநேரம் பிடித்த மாதிரி இருந்தது.

"சரி சேர். கிழவன் நம்மள விட நல்லா வச்சிருக்கார்," என்று கமராவுக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, மேல்வரிகளை ஏற்றத் தொடங்கினான். லதீசன் பின்னேரம் லொறியோடு வந்து தகரத்தைக் கழற்றி ஏற்றினான். மதிலைத் தூரத்தில் நின்று பார்த்து, "நல்லாயிருக்கு," என்றுவிட்டுப் போனான்.

சனிக்கிழமை பூச்சு வேலை. எட்டரைக்கே தயாளினி கையில் வாளியோடு குசினி வாசலில் நின்றாள்.

"எங்க போறீங்கள்?" என்றது குரல்.

"கக்கூஸுக்கு. ராத்திரியிலயிருந்து வயித்தால போகுது."

"வேலையாக்கள் நிக்கினம். அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் இங்கால வந்து என்ட கண்ணுக்கு முன்னால நில்லுங்கோ. அவ திரும்பி வருமட்டும் அசையப்படாது."

கல்லை எடுத்துக்கொடுக்க மூலையில் நிற்கலாம் என்றுதான் இராசதுரை நினைத்திருந்தான். இரண்டு பேரும் கமராவுக்குக் கீழே, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். கக்கூஸின் கதவு பக்கவாட்டில் இருந்தது. கமராவுக்குத் தெரிவது படியில் கழற்றிவிட்ட சிவப்புச் செருப்பு மட்டும்; அங்கேயிருந்து பின்மூலைக்கு நழுவினால் தெரியாது. உள்ளே பைப் திறந்து தண்ணீர் கொட்டும் சத்தம். அதற்கிடையில் கரண்டியால் சுரண்டுகிற மெல்லிய சத்தம். ஐந்து நிமிசத்தில் அவள் திரும்பி வந்தாள்.

பத்து மணிக்கும் போனாள். "திரும்பவுமோ?" என்றது குரல், அருவருப்போடு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் மறுபடி போய் நின்றார்கள்.

பதினொன்றரைக்கு மூன்றாம் முறை. இந்தமுறை வாளிக்கு மேலே துவாய் ஒன்றைப் போட்டிருந்தாள். துவாய்க்கு அடியில் காணி உறுதி வைக்கிற நீளமான கடுதாசி உறை ஒன்றின் மூலை தெரிந்தது. இன்பாஸ் சட்டென்று குறுக்கே வந்து குனிந்து மண்வெட்டியை எடுத்தான்.

"சேர், நிண்ட நிலையில கலவையப் பிரட்டவா? இறுகினா மதில் வெடிச்சிரும்."

"பிரட்டுங்கோ. ஆனா அந்த இடத்திலயே நிண்டு."

இன்பாஸ் மண்வெட்டியைச் சீமெந்துத் தரையில் கரகரவென்று இழுத்தான். தண்ணீர் கொட்டியது. அதற்குள்ளே இராசதுரையின் காது வேறொரு சத்தத்தைத் தேடிப் பிடித்தது. கல் மணலில் உரசி நகர்கிற சத்தம். ஒன்று. நெடுநேரம் கழித்து இரண்டு. மூன்றாவது எங்கேயோ மாட்டுப்பட்டு நின்றது. ஒரு கையால் தள்ளுகிறாள், மற்றக் கை முறிந்த கை என்று நினைத்தபோது அவனுடைய தோள் தானாக முன்னுக்குப் போனது. இன்பாஸ் அவன் காலில் மண்வெட்டிப் பிடியால் ஒரு இடி இடித்தான். மூன்று. நாலு.

பிறகு சத்தமே இல்லை. தண்ணீர் மட்டும்.

"செருப்பு கிடக்கு," என்றது குரல், தனக்குத்தானே சொல்வதுபோல.

திரும்ப ஒரு உரசல். கல் உள்ளே வருகிறது. வெளியே போனவள் கல்லைத் திருப்பி வைக்கிறாள்! அவளும் ஆமினா உம்மாவுமாகத்தான் இருக்கவேண்டும். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. இராசதுரை வாழ்க்கையில் ஒன்றையும் அவ்வளவு கவனமாக எண்ணியதில்லை. மதிலுக்கு அப்பால் ஓட்டோ ஒன்று இருமி, ஸ்டார்ட் எடுத்து, ஒழுங்கை முடக்கில் திரும்பிச் சத்தம் தேய்ந்தது.

"தயாக்குட்டி."

தண்ணீர் கொட்டியது.

"தயாளினி! பைப்பைப் பூட்டிப்போட்டு வாங்கோ."

மூன்று தடவை கூப்பிட்டது. நாலாம் தடவை அந்தக் குரல் உடைந்தது. நாலு நாளாக மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. தூஷணத்தில் தொடங்கித் தூஷணத்தில் முடிந்தது. இராசதுரைக்கு அது இப்போதுதான் நன்றாகத் தெரிந்த குரலாக இருந்தது.

பத்து நிமிசத்தில் லதீசனின் மோட்டார் சைக்கிள் வந்தது. கேற்றைத் திறந்து ஓடிவந்து கக்கூஸைப் பார்த்தான். தண்ணீர் வழிந்து படிக்கு வந்திருந்தது. வாளி கிடந்தது, துவாய் கிடந்தது, ஆளில்லை. பின்பக்கம் எட்டி வைக்கப் போனான்.

"தம்பி, கவனம்!" என்று இராசதுரை கத்தினான். "கக்கூஸ் குழி மூடி வெடிச்சிருக்கு. நேத்து என்ட கால் முழங்கால் மட்டும் போனது. மணத்துப் பாருங்கோ."

லதீசன் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தான். நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். எட்டடி மதில். கல்லுக்கு மேல் கல். ஓட்டை இல்லை, வெடிப்பு இல்லை.

"மதில் அப்பிடியே இருக்கு, அண்ணை!" என்று கமராவைப் பார்த்துக் கத்தினான்.

"அப்ப முன்னால போயிருக்கிறாள். நீ கேற்றைப் பூட்டினியோடா?"

"பூட்டினனான். இப்ப நான்தானே திறந்தனான்."

"முன்கமராவில ஒருத்தரும் போகேல்லை. நீ கமராவுக்கு என்ன செய்தனீ? எவ்வளவு வாங்கினனீ அவளிட்ட?"

"அண்ணை, அம்மாவாணை, நான்..."

"வாயைப் பொத்து! நாயே!"

லதீசன் வாயைப் பொத்தினான். கையிலிருந்த திறப்புக் கோர்வை டக்டக்கென்று ஆடியது.

பிறகு கமரா மெதுவாகக் கழுத்தைத் திருப்பி இராசதுரையிடம் வந்தது. குரல் பழையபடி மெத்தென்றானது.

"அண்ணை, நீங்கள் வயசான மனுசன். பொய் சொல்லமாட்டீங்கள். அவ எங்கால போனவ?"

இராசதுரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கமராவை நேராகப் பார்த்தான்.

"அவ உள்ள போனதிலயிருந்து நான் உங்கட கண்ணுக்கு முன்னாலதானே தம்பி நிண்டனான். நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

லதீசன் அவளைத் தேடி முன் கேற்றுக்கு ஓடினான்.

"இனி அசையலாமோ? கலவை இறுகுது," என்றான் இராசதுரை.

இன்பாஸ் தாச்சிச் சட்டியில் கலவையை அள்ளிக் கொடுத்தான், ஒன்றுக்கு நாலு போட்டது. இராசதுரை மூலைக்குப் போய்க் குந்தி, நாலு கல்லையும் ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தான். மணலை வழித்தான். ஒரு கல்லின் விளிம்பில் கொஞ்சம் இரத்தம் காய்ந்திருந்தது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினான். பிறகு அடியிலும் இடையிலும் நிறையக் கலவை போட்டு, கல்லைத் திருப்பி வைத்து, தட்டி இறுக்கி, மேலே வழுவழுப்பாகப் பூசி முடித்தான்.