பிரேசில் விருந்தாளிகள் வந்துபோன பிறகு

கெடா மாநிலத்தில் பாடாங் மேஹாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில், ரப்பர் கன்று வளர்க்கும் நாற்றங்காலுக்குக் குணவதிதான் பொறுப்பு. வயது ஐம்பது. அதில் இருபத்தாறு வருடம் ஒட்டுக்கட்டியே போயிற்று. மார்ச் மாதத்தில் ஒருநாள், பிரேசிலிலிருந்து ஏழு பேர் வருகிறார்கள் என்று உதவி மானேஜர் யோகேந்திரன் சொன்னார். ரப்பர் ஆராய்ச்சியில் சேர்ந்து வேலைசெய்ய இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போடப்போகின்றனவாம். அதற்குமுன் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமாம். பள்ளிப் பிள்ளைகளின் கோலாட்டம், கொம்பாங் மேளம், வாசலில் இரு நாட்டுக் கொடிகள் என்று ஏற்பாடு தடபுடலாக நடந்தது.

குணவதிக்கு விழுந்தது வேறு வேலை. பால்மரம் என்கிற ரப்பர் மரத்துக்குப் பூர்வீகமே பிரேசில்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் இலைகருகல் நோய் ஒன்று உண்டு. அது புகுந்த தோட்டம் தேறுவது கஷ்டம். இந்த மண்ணில் அது இன்னும் கால் வைக்கவில்லை. உடுப்பிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்துவிடக்கூடும் என்பதால், விருந்தாளிகள் யாரும் சொந்தச் செருப்போடு நாற்றங்காலுக்குள் நுழையக் கூடாது. வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் புது பூட்ஸ் கொடுப்பது அவள் பொறுப்பு.

அவர்கள் வந்த அன்று, ஒருவருக்கு பூட்ஸ் மாட்டக் குனிந்திருந்த நேரத்தில், நெய்டே என்ற வயதான அம்மாள் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். குணவதி நிமிர்ந்தபோது அந்த அம்மாள் கன்றுகளுக்கு நடுவே நின்று ஒரு தளிரைத் தடவிக்கொண்டிருந்தாள். காலில் அவளுடைய சொந்தச் செருப்பு. சுற்றிலும் கேமராக்காரர்கள், தூதரக அதிகாரிகள். அத்தனை பேர் முன்னால் கூப்பிட்டு நிறுத்தக் குணவதிக்கு வாய் வரவில்லை. பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் வந்துபோன பதினேழாம் நாள் காலை, அந்த அம்மாள் நின்ற வரிசையில் நான்கு கன்றுகளின் இளம் இலைகளில் சாம்பல் பூத்த புள்ளிகளைக் கண்டாள். வருஷா வருஷம் வருகிற பூஞ்சையா, அந்த நோயா என்று பார்த்த மாத்திரத்தில் அவளால் சொல்ல முடியவில்லை. இலைகளைக் கிள்ளி அடுப்பில் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கை இலைவரை போயும் விட்டது. அப்போதுதான் சிடாம் கிரியில் தம்பி குணாளன் வைத்திருக்கும் மூன்று ஏக்கர் பால்மரம் நினைவுக்கு வந்தது. அவனைப் போல இந்தக் கெடாவில் எத்தனை பேர். இலையைத் தொடாமல் நேராக ஆபீசுக்கு நடந்தாள்.

"சார், ஏழு பேர்ல ஆறு பேருக்குத்தான் பூட்ஸ் கொடுத்தேன். அந்த வயசான அம்மா சொந்தச் செருப்போட உள்ள போயிட்டாங்க. நான் பார்த்தேன், ஆனா சொல்லல. இப்ப அந்த வரிசையில புள்ளி விழுந்திருக்கு."

யோகேந்திரன் முகம் வெளுத்தது. ஆனால் திட்டவில்லை. "எந்த வரிசை? காட்டுங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியமே நாற்றங்காலைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். விவசாய இலாகா அதிகாரிகள் வந்து பரிசோதனைக்கு இலைகளை உறையில் போட்டு எடுத்துப்போனார்கள். முடிவு தெரிய ஆறு நாள் ஆகுமாம். தலைமை ஆபீசிலிருந்து பிரேசில் தூதரகத்துக்கும் எழுதினார்கள். விருந்துக்கு வந்தவர்களைக் குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடுமோ, ஒப்பந்தமே முறிந்துபோகுமோ என்று ஆபீசில் எல்லோருக்கும் கலக்கம். குணவதி தம்பியைப் போனில் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். அவன், சாப்பிட்டாயா என்று கேட்டான். அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நெய்டே அம்மாளே எழுதியிருந்தாள். யோகேந்திரன் குணவதியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்:

"சின்ன வயசுல அவங்க அப்பாவோட தோட்டம் இந்த நோயிலதான் அழிஞ்சுதாம். அதனால கோலாலம்பூர்ல இறங்குனதுமே புதுச் செருப்பு, புது உடுப்பு வாங்கிப் போட்டுக்கிட்டுத்தான் இங்க வந்தாங்களாம். இருந்தாலும் உங்கள மதிச்சு நின்னிருக்கணும், மன்னிச்சுக்கச் சொல்லுங்கன்னு எழுதியிருக்காங்க. வாசல்ல நின்ன அம்மாவுக்குன்னே தனியா எழுதியிருக்காங்கக்கா."

குணவதிக்குப் பாதி உயிர் அப்போது வந்தது. மீதிப் பாதிக்கு ஆறாம் நாள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று பதினோரு மணிக்கு யோகேந்திரன் மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலே வாசலிலிருந்து சொன்னார்: "நம்ம ஊர்ப் பூஞ்சைதான்லா அக்கா. வருஷா வருஷம் தளிர் விடுறப்போ வர்றதுதான். கந்தகத் தூள் அடிச்சா போதுமாம்."

குணவதி அப்படியே மண்மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது சிரிப்பு. குணாளனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. ஆறு நாளாக பால் எடுக்க மரம் சீவப் போகும்போதெல்லாம் அண்ணாந்து இலையையே பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதாம்.

அடுத்த வாரம் இரண்டு நாட்டுக்காரர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். டிவி செய்தியில் காட்டியபோது குணவதி பார்க்கவில்லை. எட்டு மணிக்கே படுத்து நிம்மதியாகத் தூங்கிப்போயிருந்தாள்.