வெந்தயம் தின்ற ஜீப்பு

காளியண்ணனின் மனைவி சென்னம்மாள் கோபித்துக்கொண்டு மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் ஜீப்பு. கொல்லிமலை மேல் பைல் நாடு என்கிற ஊரில் குடியிருந்து, வாழைத்தார் ஏற்றும் ஜீப்பை ஓட்டிப் பிழைக்கிற மனுசன், ஜீப்பு மேடு இழுக்கவில்லையென்று கட்டிய பெண்டாட்டியைப் பாதி மலையில் இறக்கி நடக்கவிட்டால் எவள்தான் பொறுப்பாள்? அதுவும் ஒரு தடவையா, இரண்டு தடவையா?

"இனி நடந்து மலையேற மாட்டேன். ஊடு வரைக்கும் ஜீப்புலயே கூட்டிட்டுப் போறதா இருந்தா வரச் சொல்லுங்க. இல்லீன்னா நான் இங்கியே இருந்துக்கறேன்" என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அவள் சுபாவம் அப்படி.

அவள் இல்லாத வீடு காளியண்ணனுக்கு வீடாகவே இல்லை. பழைய இஞ்சினைக் கழற்றிக் கடாசிவிட்டு, மெக்கானிக் சின்னுசாமியைக் கூட்டிவந்து ஒரு பெட்ரோல் லாரி இஞ்சினை மாட்டினான். ஜீப்பு உறுமியது. அப்புறம் கறுப்புப் புகையாகக் கக்கியது, கார்புரேட்டரில் பெட்ரோல் பொங்கி வழிந்தது, நின்றுபோனது. சின்னுசாமி பிளக்கைத் துடைத்தான், மிதவையை மாற்றினான், குழாயை வாய் வைத்து ஊதினான். ஊதியதில் வாயெல்லாம் பெட்ரோல். அன்று பூராவும் பீடி பற்றவைக்கப் பயந்து, பார்க்கிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தான்.

கடைசியில் பிடிபட்டது. "கார்புரேட்டர் உங்க பழைய வண்டியோடது, பம்பு லாரியோடது. அது தள்ற வேகத்த இது தாங்கலீங்க. நடுவால அழுத்தத்தக் கொறைக்கற ரெகுலேட்டர் ஒண்ணு வெக்கோணும். மெட்ராசுக்கு எழுதியிருக்கறேன். அது வர்ற வரைக்கும் உங்க வண்டிக்கு வயித்துப்போக்குதானுங்க" என்று சொல்லிவிட்டு மலையிறங்கினான்.

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் பக்கத்து வீட்டுப் பொன்னாயி காதில் விழுந்தது. விழுந்தால் போதாதா? மறுநாள் காலையில் காளியண்ணன் வாசலுக்கு வந்தபோது பெட்ரோல் டேங்கின் மூடி திறந்து கிடந்தது. பொன்னாயி கையில் காலியான அரைப்படி, இடுப்பில் மோர்ச்சட்டி.

"என்னக்கா பண்றீங்க?"

"வெந்தயம் போட்டுட்டேன் சாமி. மேல மோர ஊத்துனா நின்னுபோயிரும்."

சட்டியைத் தடுப்பதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினான். அவளோ மோரைத் தானே குடித்துவிட்டு, "ஓட்டித்தான் பாரேன் கண்ணு" என்றாள்.

ஆத்திரத்தோடு சாவியைத் திருகினான். புகையில்லை, பொங்கலில்லை, ஜீப்பு சமர்த்தாக ஓடியது. வெந்தயம் டேங்கின் அடிவாயில் போய் உட்கார்ந்துகொண்டு பெட்ரோலைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டது. மெட்ராசிலிருந்து வரவேண்டிய சாமான் அஞ்சறைப்பெட்டியிலிருந்து வந்துவிட்டது. அடக் கருமமே என்று தலையில் அடித்துக்கொண்டு, கையோடு முள்ளுக்குறிச்சிக்கு வண்டியை விட்டான்.

சென்னம்மாள் துணி மூட்டையோடு ஏறி உட்கார்ந்தாள். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், ஜீப்பு விக்கியது, இருமியது, நின்றது. மேடு ஏற ஏற வெந்தயமெல்லாம் பின்பக்கம் சரிந்து டேங்கின் அடிவாயை ஒரேயடியாக அடைத்துவிட்டது.

அவள் இறங்கினாள். கீழே முள்ளுக்குறிச்சி வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். காளியண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. ரெகுலேட்டர், வயித்துப்போக்கு, வெந்தயம் என்று ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தான்.

சென்னம்மாள் மெதுவாகத் திரும்பினாள். "எவ்வளவு போட்டாங்க?"

"அரைப்படி."

"அரைப்படியா? எருமைக்கே ஒரு கைப்பிடி போதுமுங்க. நிக்கட்டும்னு போட்டது கட்டிக்கிச்சு. குழாயக் கழட்டுங்க."

கொண்டையிலிருந்து ஊசியை உருவிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தாள். அவன் வண்டியில் கிடந்த டப்பாவின் வாயில் துண்டைக் கட்டிப் பிடிக்க, அவள் குத்திவிட்டாள். பெட்ரோல் டப்பாவுக்குள் இறங்கியது, வெந்தயம் துண்டில் நின்றது. உள்ளே ஒரு கைப்பிடி மிச்சம் இருக்கும்போது போதும் என்றாள். குழாயை மாட்டி, பெட்ரோலைத் திரும்ப ஊற்றியதும் ஜீப்பு கிளம்பிவிட்டது.

அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வெந்தயத்தைத் துண்டிலேயே முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அந்த ரெகுலேட்டர் வேண்டாம்னு மெட்ராசுக்கு எழுதிப் போடச் சொல்லுங்க" என்றாள். "இனிமே இதுக்கு மருந்து நான் பாத்துக் குடுத்துக்கறேன்."