துண்டுக்கடியில் ஒரு பேரம்

மாட்டுத் தரகன் வாயால் விலை சொன்னால் அவன் தரகனே அல்ல. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரலென்றால் பத்தாயிரம், இரண்டென்றால் இருபது, கையை முழுசாகப் பிடித்தால் ஐம்பது. பொள்ளாச்சிச் சந்தையில் அப்படிப் பிடித்தே பேர் வாங்கிய சுப்பண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நடை திரும்பியது, கை திரும்பவில்லை. இந்தக் கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவது என்று குமைந்துகொண்டிருந்தார்.

வைத்தியத்தில் வீடே இரண்டுபட்டது. மனைவி செல்லாத்தாளுக்குப் பாலக்காட்டு எண்ணெய் வைத்தியம்தான் வேண்டும். மகள் வர்ஷினிக்குக் கோவை ஆர்.எஸ்.புரம் கிளினிக்கின் கரண்ட் மெஷின். மகள் பிடிவாதம் ஜெயித்து மூவரும் கிளினிக்குக்குப் போனால், அங்கே ரிஃபத் என்ற தெரபிஸ்ட் பெண் மூன்றாவதாக ஒன்றை எடுத்துவிட்டாள்.

"மெஷினும் இருக்குதுங்க. பழைய வேலையச் செய்ய வெச்சே கையப் பழக்கற தெரபியும் இருக்குதுங்க. நீங்க என்ன வேலை செஞ்சீங்க?"

சுப்பண்ணன் சொன்னதும் அவள் ஒரு துண்டை நீட்டினாள். "வாங்க, பேரம் பேசலாமுங்க."

அவருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "உங்ககூடவா? அது ஆவாதுங்க அம்மணி."

"நான் பேசறேனுங்க," என்று செல்லாத்தாள் துண்டை வாங்கி அவர் வலது கைமேல் போட்டாள். "தெனம் சோறு உங்கறப்ப இந்தக் கதையத்தானுங்க கேக்கறேன். நம்ம செவலைக் காளைக்கு வெல சொல்றேன்."

துண்டுக்கடியில் ஒரே ஒரு விரலைப் பிடித்தாள்.

கன்றிலிருந்து கண்ணாக வளர்த்த காளைக்குப் பத்தாயிரமா! "ஏம்புள்ள, கண்ணவிஞ்சு போச்சா உனக்கு?"

முகத்தில் எதையும் காட்டாமல் இரண்டாவது விரலையும் பிடித்தாள். அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கை வராது என்பதே மறந்துபோய், ஐம்பது சொல்லப் பாய்ந்தார்.

அவருடைய நான்கு விரல்களும் மெல்ல மடங்கி அவள் கையைச் சுற்றின. பிடியில் வலுவில்லை, கட்டைவிரல் வரவேயில்லை. ஆனாலும் அது ஐம்பதுதான்.

"அம்பதுங்களா?" என்று கேட்ட செல்லாத்தாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ஒரு ரூவா கொறையாது!" என்றவர் ரிஃபத் பக்கம் திரும்பினார். "நாளையிலிருந்து இந்தத் தெரபிக்கே வாரேனுங்க."

"எண்ணெய ஊட்டுல தேச்சுக்கலாம்," என்றாள் செல்லாத்தாள், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

வர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பேரம் முடிந்தும் சுப்பண்ணன் பிடியை விடவில்லை. கல்யாணத்தன்று பிடித்ததோடு சரி, நாலு பேர் முன்னால் மனைவி கையை அவர் பிடித்ததே இல்லை. இன்று பிடித்தார், துண்டு மூடியிருந்த தைரியத்தில்.