நுரை பொங்கிய வாளி

சங்கு அலறியது. ஐஸ்கிரீம் ஆலையில் கிண்ணங்கள் ஊர்ந்து வந்த பட்டை சட்டென்று நின்றது. சுகாதார மேற்பார்வையாளரான இளம்பெண் ஓடி வந்தாள். அவளுக்கு வேலை நிரந்தரமாகும் நாள் அது.

மேலாளர் சோதனைக் கருவியை மூக்குக்கு நேரே நீட்டினார். "கழுவின மேசை மூணாவது தடவையும் அழுக்குன்னு காட்டுதும்மா. நாலு மணிக்குள்ள சரியாகலன்னா நிரந்தரக் கடிதத்தை மறந்துடுங்க."

மணி மூன்று.

அவள் பறந்தாள். கிருமிநாசினிப் பீப்பாயில் இருந்தது பென்சல்கோனியம் குளோரைடு உப்பின் கரைசல். சோதனைத் தாளை முக்கினாள். அளவு அச்சு அசலாகச் சரி. கிருமியின் மேலுறையில் ஒட்டி அதைக் கிழித்துப்போடும் உப்பு, இன்று மட்டும் ஏன் கைவிரித்தது?

கழுவும் குழுவின் வாளியை எட்டிப் பார்த்தாள். முழங்கை உயரத்துக்கு நுரை! அடியில் திரிந்த பால் போல வெள்ளைக் கசடு.

"யாரோ இதுல கைவரிசை காட்டியிருக்காங்க!" என்றாள்.

குழுத் தலைவி இடுப்பில் கைவைத்துக் கிளம்பினார். வீட்டில் அவர் இவளுக்கு மாமியார். ஆலையில் மருமகளுக்குக் கீழே வேலை. "எவ அவ? என் மருமக பொழப்புல மண்ணள்ளிப் போட்டவ முன்னால வாங்கடி!"

"அத்தை, கொஞ்சம் பொறுங்க. இது சோப்பு. சோப்பும் இந்த உப்பும் பார்த்த உடனே கட்டிப்பிடிச்சுக்கும். அப்படியே அடியில போய் உக்காந்துடும். கிருமியை யாரு கவனிப்பா?"

குழுவில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மாமியார் மட்டும் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தார்.

வாளிகள் கவிழ்ந்தன. ஆறு பெண்கள் வழுக்கி, சறுக்கி, ஒருத்தியை ஒருத்தி பிடித்து, சிரித்துக்கொண்டே மேசைகளைச் சுடுநீரால் அலசினார்கள். பிறகு சோப்பு கலக்காத கிருமிநாசினிக் கரைசல். பத்து நிமிடம் ஊறல். மூன்று ஐம்பத்தெட்டுக்கு மேலாளர் மேசையைத் துடைத்தெடுத்த குச்சியைக் கருவிக்குள் செருகினார்.

பச்சை விளக்கு!

ஆலையே கூச்சலிட்டது. மேலாளர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சரி, சோப்பு போட்டது யாரு?" என்றார்.

மாமியார் முந்தானையைத் திருகினார். "நான்தான் சார். நுரையே இல்லாம கழுவினா, என் மருமகளுக்கு வேலை தெரியலன்னு நாலு பேரு பேசிடுவாங்களேன்னு..."