வெர்னா முதலில் கொண்டுபோன சாப்பாடு

எல்லோரும் நலம்தானே? முட்டிவலி இருக்கிறவர்கள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டே படியுங்கள்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் அன்று எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைந்துவிடும். சமையலறை ஜன்னல் வழியாக, வாசலில் வந்து நின்ற கறுப்புக் காரைப் பார்த்தாள் வெர்னா. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகன் ரோரி மாட்டிக்கொள்ளக் கூடாது.

செவ்வாய்க்கிழமை ஏரிச் சாலையில் தபால்காரர் ஆர்வில் சுடப்பட்டுக் கிடந்தார். வண்டியிலிருந்த வலி மாத்திரைப் பார்சல்களைக் காணோம். வேலையில் இருந்த தபால்காரர், மத்திய அரசு ஊழியர் என்பதால் வழக்கு ஊர்ப் போலீஸோடு நிற்கவில்லை. மத்தியப் புலனாய்வு அதிகாரி மார்லிஸ் வந்து இறங்கிவிட்டாள்.

உள்ளே வந்தவள் கையில் வெர்னாவின் கண்ணாடிப் பாத்திரம். கழுவித் துடைத்திருந்தது. அடியில் ஒட்டுப் பட்டையில் வெர்னாவின் பெயர். சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் பாத்திரம் மாறாமல் திரும்ப வேண்டுமே என்று அங்கே அப்படித்தான் ஒட்டுவார்கள்.

"டார்லா கொடுத்துவிட்டாங்க. அவங்க புருஷன் செத்த வீட்டுக்கு முதல்ல வந்தது நீங்கதானாம்."

"பின்ன? நாப்பது வருஷமா பக்கத்து வீடு. கையை வீசிக்கிட்டா போவேன்? என்ன கண்ணு இப்படி இளைச்சுக் கிடக்கே, அரசாங்கத்துல சாப்பாடே போடமாட்டாங்களா?"

"நானும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான் வெர்னா. டார்லா வீட்டுக்குக் கொண்டுபோனது மாட்டுக்கறி, காளான் சூப்பு, மேல உருளைக்கிழங்கு, அதானே? ஓவன்ல எவ்வளவு நேரம் வைப்பீங்க?"

"ஒண்ணே கால் மணி நேரம். குறைச்சா நடுவுல சில்லுன்னு இருக்கும்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"பனி தள்ளுற வண்டிக்காரர் ஆர்விலைப் பார்த்ததே பதினொண்ணே காலுக்கு. பதினொன்றரைக்கு ஊர்ப் போலீஸ் ஷெரிஃப் டார்லாகிட்ட சொல்லி வாயை மூடல, நீங்க வாசல்ல நிக்கறீங்க. பாத்திரம் தளதளன்னு கொதிச்சுதாம்."

செவ்வாய்க்கிழமை காலை ரோரி ஓடிவந்து ஆர்வில் செத்துவிட்டார் என்று அழுதபோது வெர்னாவின் கை தானாக வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டது. சாவு என்று காதில் விழுந்தால் அந்த ஊர்ப் பெண்களின் கை அப்படித்தான் ஓடும்.

"ஒன்பதரைக்குச் சுட்டது. பத்தரை வரைக்கும் உயிர் இருந்துச்சுன்னு டாக்டர் சொல்றாரு. நீங்க உருளைக்கிழங்கை அழகா அடுக்கிட்டிருந்தப்போ, அந்த மனுஷன் பனியில தவழ்ந்துட்டிருந்தாரு. ஒரு போன் போட்டிருந்தா பிழைச்சிருப்பாரு."

"செத்துட்டாருன்னுதானே சொன்னான்..." வெர்னா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான்தான் சுட்டேன்."

மார்லிஸ் சிரித்தாள். "உங்க பிள்ளையும் அதையேதான் சொல்றான். கார்ல பின்னால உட்கார்ந்திருக்கான், பாருங்க. மாத்திரையோட பிடிச்சோம். எங்கம்மாதான் சுட்டா, நான் பார்சலை மட்டும்தான் எடுத்தேன்னு கையெழுத்தே போட்டுட்டான்."

வெர்னா ஜன்னலுக்குப் போனாள். காருக்குள் ரோரி அம்மாவைப் பார்த்தான். பிறகு தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டான்.

"அவன் சொன்னது சரிதான்," என்றாள் வெர்னா. "எழுதிக்கோ."

மார்லிஸ் பொறுமையாக எழுதினாள், வாசித்துக் காட்டினாள், கையெழுத்தும் வாங்கினாள். பேனாவை மூடிய பிறகுதான் சொன்னாள்.

"துப்பாக்கி கிடைச்சாச்சு வெர்னா. அதுல அவன் கைரேகை மட்டும்தான் இருக்கு. அவன் வெளியே வரவே போறதில்ல. நீங்க பொய் எழுதிக் கொடுத்ததுக்குத் தனி வழக்கு. கோட்டு போட்டுக்குங்க, வெளியே குளிரு."

பழியை அம்மா தலையிலேயே போட்டவன் மகன் என்று தெரிந்தும் ஆமாம் என்றாளே! உங்கள் தெருவில் இப்படி ஒரு தாய் உண்டா? எனக்கு எழுதுங்கள்.