பாட்டு இல்லாத அறை

நாரணாபுரம் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடைக்கும் மாரித்தாயின் மகள் வேல்விழி, 2006இல் மதுரையில் உளவியல் ஆய்வு மாணவியாக இருந்தாள். கல்லூரி ஆய்வகத்தில் அவள் செய்த சோதனையில், பாட்டுக் கேட்டபடி வேலை பார்த்த மாணவிகள் குறைவாகத் தவறு செய்தார்கள். நான்கு சுவருக்குள் நடந்தது வேலை நடக்கிற இடத்திலும் நடக்குமா என்று களத்தில் பார்த்துவிட்டு வரச் சொன்னார் பேராசிரியை சுகிர்தா.

அம்மாவின் முதலாளி காசிராஜன் இரண்டு வாரம் அனுமதி கொடுத்தார். வேல்விழி இருபது பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தாள். ஓர் அறையில் டேப் ரெக்கார்டர் பாடியது, மற்றதில் ஒன்றுமில்லை. அம்மாவுக்குப் பாட்டு இல்லாத அறை விழுந்தது. அம்மாவைச் சேர்த்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஆள் குறையுமே என்று விட்டுவிட்டாள். காரணம் தெரிந்தால் சோதனை கெட்டுவிடும் என்பதால் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

தினமும் சாயங்காலம் பெட்டிகளைப் பிரித்து, குச்சி குறைந்தவற்றைக் குறித்துக்கொண்டாள். பாட்டு இல்லாத அறையில்தான் தவறு குறைந்துகொண்டே வந்தது. பத்தாம் நாள் அங்கே ஒரு பெட்டிகூடச் சிக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசி நாள், அதே அறையில் வேலை பார்த்த வெள்ளைத்தாய் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். "ஒனக்குப் பரீச்சையாம்லத்தா. ஒங்கம்மா சொன்னதால ஒவ்வொரு பெட்டியையும் ரெண்டு மட்டம் சரிபாத்துத்தான் வச்சோம்."

வீட்டுக்கு வந்து கேட்டபோது மாரித்தாய் மறைக்கவில்லை. மகள் பெட்டி பிரிப்பதைப் பார்த்து, தவறு வந்தால் அவளுக்கு மார்க் குறையும் என்று நினைத்திருந்தாள்.

"இது எனக்கு வச்ச பரீச்சை இல்லம்மா."

"அப்ப எங்களுக்கா வச்ச?"

மாரித்தாய் கோபப்படவில்லை. "மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க என்ன, மாட்டேன்னா சொல்லப்போறோம்?" என்று கேட்டுவிட்டுச் சோற்றை எடுத்து வைத்தாள்.

அந்தக் குறிப்புகளை வேல்விழி ஒதுக்கிவைத்தாள். மூன்று மாதம் கழித்து வெம்பக்கோட்டைப் பக்கம், தன்னைத் தெரியாத ஒரு கம்பெனியில் மறுபடி தொடங்கினாள். இந்த முறை பெண்களைக் கூட்டி, பாட்டுக்கும் வேலைக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கப் போவதாகவும், விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். இரண்டு பேர் விலகினார்கள். முன்கூட்டியே சொன்னது சோதனைக்குக் குறைதான் என்றார் சுகிர்தா. வேல்விழி அதை மறுக்கவில்லை.

இரண்டு அறைகளிலும் தவறுகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். நாரணாபுரத்தில் நடந்ததையும் தன் பிழையென்று சேர்த்தாள். ஆய்வேடு ஆறு மாதம் தாமதமாக ஏற்கப்பட்டது.