நூற்றிருபதுக்கு எண்பது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மேதைமையில் உதித்ததல்ல. மருத்துவமனை வராந்தாவில் என் முறைக்காகக் காத்திருந்தபோது கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோய், யாரோ விட்டுச்சென்ற மருத்துவ இதழைப் புரட்டியதில் வந்தது. வயிற்றுக்குள் திரவம் ஏற்றி ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கு, பிரஷர் ஏறினால் மட்டுமல்ல, ரொம்ப இறங்கினாலும் உயிருக்கு ஆபத்தாம். ஆயுசு முழுக்க 'உப்பைக் குறை, உப்பைக் குறை' என்று திட்டு வாங்கியவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: "அவர் வயிற்றுக்குள் ஒரு கடல் இருந்தது. அந்தக் கடலில்..."

(அடித்துவிட்டேன். இருந்தது இரண்டு லிட்டர். கடலாம் கடல்!)

இரண்டாவது, கொஞ்சம் யோக்கியமானது: லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வீட்டிலேயே தினம் நான்கு முறை வயிற்றுக் குழாயில் பையை மாட்டி, திரவத்தை ஏற்றி இறக்கிக்கொள்கிறார். காலையில் பிரஷர் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எழுதினார். 120/80. மறுநாளும் 120/80. பத்தொன்பது நாளும் 120/80.*

* இவ்வளவு சீரான மனிதரை நான் படைத்தால் நம்பும்படி இல்லை என்பீர்கள். டாக்டர் 'வெரி குட்' என்றார்.

3

மனைவி பாத்திரத்தில்தான் எனக்குச் சிக்கல். அழவைக்கலாம் என்றிருந்தேன், மாட்டேன் என்கிறாள். ஒரு நாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கணவர் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்ததைப் பார்த்தாள். பிரஷர் மிஷினை அவளே மாட்டினாள். 86/52.

"என்னங்க இது? நோட்டுல வேற மாதிரி எழுதியிருக்கீங்க?"

"மெல்லப் பேசு. கம்மின்னு தெரிஞ்சா வீட்டுப் பையை நிறுத்திட்டு, வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரில ரத்தம் சுத்தம் பண்ற மிஷின்ல கட்டிப்போட்டுடுவாங்க. அப்புறம் லிஃப்டை யாரு பாக்குறது, உன் தம்பியா?"

(தம்பி இந்தக் கதையிலேயே இல்லை. ஆனாலும் இழுத்துவிட்டார்.)

"அப்படின்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு ஒயரைத் தொடாத மனுஷன். சொந்த உடம்புக்கு மட்டும் குத்துமதிப்பு.

மிச்சத்தையும் அன்றே அவரிடமிருந்து கறந்துவிட்டாள். கிளினிக் போகிற நாளில் மட்டும் பிரஷர் மாத்திரை கிடையாது. பதிலுக்கு உப்புக் கரைத்த தண்ணீர் ஒரு டம்ளர். அங்கே அளவு நன்றாகக் காட்டும். டாக்டரும் நோட்டைப் புரட்டிவிட்டு, பிரஷரைக் குறைக்கும் அதே இரண்டு மாத்திரையைத் தொடரச் சொல்வார். இறங்கிக்கொண்டிருப்பதை இன்னும் இறக்க மாத்திரை! இந்த மனுஷன் கண்ணு முன்னாலேயே போய்விடுவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

4

முடிவுகள்.

(அ) மெக்கானிக் லிஃப்ட் குழிக்குள் விழுகிறார். பரிசுக் குழுவுக்குப் பிடிக்கும். எனக்கு மனசு வரவில்லை.

(ஆ) மனைவி கண்கலங்க, அவர் மனம் திருந்தி... (எழுதும்போதே கொட்டாவி.)

(இ) அடுத்த வாரம், கிளினிக். நர்ஸ் அவரை உட்காரவைத்துப் பார்த்தாள். 116/74.

"சூப்பர் சார். இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க."

அவர் மாப்பிள்ளை மாதிரி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அப்போது மனைவி வாயைத் திறந்தாள். சத்தியமாக நான் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை.

"சிஸ்டர், மாத்திரை போடாம உப்புத் தண்ணி குடிச்சிட்டு வந்திருக்காரு. நோட்டுல இருக்கிறது எல்லாம் பொய். எழுந்து நின்னா இறங்கிடுது. ஒரு தடவை நிக்க வெச்சுப் பாருங்க."

"ஏய், என்னடி நீ!"

"கோவிச்சுக்கோங்க. கோவிச்சுக்கிறதுக்காவது நீங்க இருக்கணும்ல?"

நர்ஸ் அவர் கையில் பட்டையை மறுபடி சுற்றினாள். மெக்கானிக் நிற்கிறார். மனைவி அவர் முதுகில் கை கொடுத்திருக்கிறாள். மிஷின் காற்றை ஏற்றுகிறது.

எண்ணை நான் சொல்லப்போவதில்லை. பேனா இனி உங்களிடம். பார்க்க அழகாக இருக்கிறதே என்று எதையாவது எழுதிவைக்காதீர்கள். அந்தப் பெண் உங்களையும் சும்மா விடமாட்டாள்.